இருநூற்றுப் பதினாலாம் பக்கத்து விதானை

தம்பி, குறை நினையாதேங்கோ. மடியில வைச்சிருக்கிறியளே அந்தப் புத்தகம், எந்தப் பக்கம் மட்டும் வாசிச்சிட்டியள்? இருபதோ. அப்ப இன்னும் வரேல்லை. இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில ஒரு விதானை வருவான். சண்டை முடியிற அண்டைக்கு ஆமிக்காரனிட்ட ரெண்டு பிஸ்கற் பக்கெற் வாங்கிக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு, சனத்துக்குள்ள நிக்கிற பெடியளைப் பாத்து, இயக்கத்தில இருந்த எல்லாரும் போய்ப் பேரைப் பதியுங்கோடா எண்டு சொல்லிக்கொண்டு திரிவான். அந்த விதானை நான்தான்.

அப்பிடிப் பாக்காதேங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன். தில்லைநாதன் எண்டு பேர். பாலையடிக்குளம் கிராம சேவையாளர், முப்பது வருச சேவை, இப்ப பென்சன். கடுதாசியில கிராம சேவையாளர், சனத்துக்கு விதானையார். புத்தகத்தில ஊருக்கு வேற பேர் வைச்சிருக்கிறார். குளத்துக்கும் ஒரு பேர் வைச்சிருக்கிறார். விதானைக்கு மட்டும் பேரே வைக்கேல்லை. வெறும் விதானை. எனக்கு முதற் கோபம் அதிலதான்.

நீங்கள் மன்னாருக்கெண்டு கொண்டக்டரிட்டச் சொன்னது கேட்டது. நான் கிளிநொச்சியில இறங்கிடுவன். இனிமேல் நாங்கள் ரெண்டு பேரும் காணப்போறதில்லை. அதாலதான் இவ்வளவு வாய் வருகுது, இல்லாட்டி நான் கதைகாரன் இல்லை.

புத்தகம் வாசிக்கிற ஆளும் இல்லை. சேவையில இருக்கேக்க சுற்றறிக்கை வாசிச்சிருக்கிறன், பேப்பர் வாசிச்சிருக்கிறன், அவ்வளவுதான். ரெண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகுதான் கதைப் புத்தகத்தில கை வைச்சது. என்ர மகன் காணாமல் போனவன். ஒரே பிள்ளை, கஜீபன். அந்த மே மாசம் அவனுக்குப் பத்தொன்பது வயசு. போகாத இடமில்லை, நிரப்பாத படிவமில்லை. ஒவ்வொரு விசாரணைக்கும் போய் அதே கதையை அதே கதிரையில இருந்து சொல்லியாச்சு. பேந்து ஆரோ சொல்லிச்சினம், வெளிநாட்டுக்குத் தப்பிப் போன பெடியள் புத்தகம் எழுதினமாம், கண்டதெல்லாத்தையும் எழுதினமாம் எண்டு. கண்டதெல்லாம் எண்டால் என்ர பிள்ளையையும் கண்டிருப்பினம் எல்லே. அப்பிடித்தான் தொடங்கினது. இப்ப வீட்டில நாற்பத்தெட்டுப் புத்தகம் கிடக்கு. பாரிசில இருந்து எழுதினது, கனடாவில இருந்து எழுதினது, சென்னையில அடிச்சது, சிங்களத்தில இருந்து மாத்தினது. எல்லாத்தையும் கையில பென்சிலோட இருந்து வாசிச்சனான்.

என்ர மனுசி ரஞ்சிதமலருக்குச் சலரோகத்தால கண் பார்வை போயிட்டுது. நான்தான் வாசிச்சுக் காட்டுறது. பகலில அவ கோயிலடிக் கொட்டகையில, காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மாரோட, மகன்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருப்பா. கொட்டகை போட்டு எத்தினையோ வருசம். கிடுகு மாத்தி, பேந்து தகரம் போட்டு, அந்தத் தகரமும் கறள் பிடிச்சிட்டுது. பின்னேரம் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, எங்க விட்டது, வாசியுங்கோ எண்டுவா.

இந்த எழுத்தாளர்மாரைப் பற்றி நான் ஒண்டு சொல்லவேணும். கோபிக்காதேங்கோ, நீங்களும் எழுதுறவரோ தெரியாது. கடல் என்ன நிறத்தில கிடந்தது எண்டு எழுதுவினம். எரியிற பனையைப் பற்றி ஒண்டரைப் பக்கம் எழுதுவினம். ஆள் செத்தால் மட்டும், ஒரு தாய் செத்தாள், ஒரு கிழவர் செத்தார், ஒரு சிறுமி செத்தாள். எந்தத் தாய்? புருசன்ர பேர் என்ன? எந்தப் பிரிவு? நான் அப்பிடி ஒரு பதிவைக் கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்தில குடுத்திருந்தால் முகத்தில எறிஞ்சிருப்பினம். செத்ததுக்குப் பிறகும் ஒரு மனுசனுக்கு மிஞ்சுறது பேர் ஒண்டுதானே. அதை எழுதுறதுக்கு இவைக்கு என்ன பஞ்சி?

சிங்களப் புத்தகம் எண்டு சொன்னனே, அது ஒரு ஆமிக்காரன்ர கதை. சண்டை முடிஞ்சு ஊருக்குப் போன பெடியன், சித்திரை வருசத்துக்கு வெடி கொளுத்தினால் கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்திடுவான். தன்ர சொந்தப் பிள்ளையைத் தூக்கமாட்டான். ஏன் எண்டு பெண்சாதி கேட்டால் சொல்லவும் மாட்டான். அதை வாசிக்கேக்க மலர் அழுதவ. அவனைப் பெத்தவள் என்ன பாடுபடுறாளோ எண்டு அழுதவ. எனக்கு ஆத்திரம் வந்திட்டுது. நான் அதுக்குள்ள தேடினது வேற. எந்தப் படைப்பிரிவு, எந்தத் திகதி, எந்தப் பாலத்தில காவல் நிண்டவன், ஏத்திக்கொண்டு போன பஸ்சுகள் எந்தப் பக்கம் திரும்பினது. ஒண்டுமில்லை. அவனுக்கும் பேரில்லை. முதல் பக்கத்தில இருந்து கடைசி மட்டும் அவன், அவன், அவன்.

நான் விடேல்லை, எல்லாருக்கும் கடிதம் போட்டனான். தங்கள் நூலின் இத்தனையாம் பக்கத்தில் தண்ணீர்க் கலன் சுமந்துவரும் இளைஞரின் முழுப்பெயர், வயது, கடைசியாகக் காணப்பட்ட இடம் என்பவற்றை அறியத்தரவும். உப்பிடி முப்பத்தொரு கடிதம். மறுமொழி போட்டவை ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒரே வசனம்தான், அது கற்பனைப் பாத்திரம் ஐயா. சென்னையில இருந்து ஒருத்தர் தன்ர மற்றப் புத்தகத்தையும் சும்மா அனுப்பி வைச்சவர். அதிலயும் கற்பனைதான்.

இந்தப் புத்தகம் போன புரட்டாதியில வந்தது. தேனுகன் எண்டு புனைபெயர், ஆள் ஆரெண்டு தெரியாது. முப்பதாம் பக்கம் வாசிக்கேக்க குளத்துத் தண்ணி திறந்துவிடுற துருசு உடைஞ்சு சாக்கு அடைச்சுக் கிடக்குதெண்டு எழுதியிருந்தது. சங்கக்கடைச் சுவரில எருமை முட்டின பள்ளம் இருக்குதெண்டு எழுதியிருந்தது. நான் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, மலர், இது எங்கட ஊர் எண்டன். அவ எழும்பி நிமிர்ந்து இருந்தா. அத்தினை வருசத்தில அவவின்ர முகத்தில அப்பிடி ஒரு வெளிச்சத்தை நான் காணேல்லை. எங்கட ஊர்ப் பிள்ளை எழுதினதெண்டால் கஜீபன் வருவான், கட்டாயம் வருவான் எண்டா. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வாசிச்சம். கூட வாசிச்சால் முடிஞ்சுபோயிடும் எண்டு பயம்.

அப்பிடி வந்துதான் இருநூற்றுப் பதினாலு.

நடந்ததை நான் சொல்லுறன், நீங்கள் அங்க போய்ச் சேர்ந்தாப்போல ஒப்பிட்டுப் பாருங்கோ. கடைசி நாள் காலமை. பாலத்தைத் தாண்டி ஆமிக்காரன்ர பக்கம் வந்திட்டம். ஆயிரக்கணக்கான சனம். ஒலிபெருக்கியில தமிழில அறிவிக்கினம், இயக்கத்தில ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு. என்னட்டப் பாலையடிக்குளத்துக் குடும்பப் பதிவேடு மூண்டு, பொலித்தீன் பையில சுத்தி, இடுப்பில கட்டினபடி. செல் விழேக்கையும் விடேல்லை. எங்கட பிரிவுப் பெடியள் என்னைக் கண்டிட்டு வந்து சுத்தி நிண்டவங்கள். எல்லாம் கடைசி மாசங்களில இயக்கம் வீட்டுக்குள்ள இருந்து இழுத்துக்கொண்டு போன பெடியள். ஓடாமல் இருக்க இயக்கம் மொட்டையடிச்ச தலை, கண்டவுடன தெரியும். விதானையார், என்ன செய்யிறது எண்டு கேட்டவங்கள்.

ஒரு அரசாங்க உத்தியோகத்தன் என்ன சொல்லுவான்? பதியுங்கோ எண்டனான். பதிஞ்ச பேரை ஒருத்தராலயும் இல்லையெண்டு சொல்லேலாது. ஒளிச்சிருந்து பிடிபட்டால் கேக்க ஆளில்லை. பதிஞ்சால் கணக்கில நிப்பியள், கணக்கில நிக்கிறவனுக்குப் பொறுப்புச் சொல்லவேணும். இப்பவும் சொல்லுறன், சட்டப்படி அது சரி. பதினொரு பேர் போனவங்கள். ஒருத்தனும் திரும்பி வரேல்லை. அதுக்கு நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ. பதிவேட்டையும் அங்கயே வாங்கினவை. ரசீது தரேல்லை.

இவர் எழுதியிருக்கிறார், ரெண்டு பிஸ்கற் பக்கெற்றுக்கு விதானை பெடியளைக் காட்டிக்குடுத்தான் எண்டு. தம்பி, நான் சேவையில ஒருத்தரிட்டயும் ஒரு இளநி வாங்கிக் குடிச்சவன் இல்லை. நிவாரணம் வந்தால் என்ர வீட்டுக்குக் கடைசி. மலருக்கும் எனக்கும் அதாலதான் வாழ்நாள் முழுக்கச் சண்டை. அப்பிடிப்பட்ட என்னைப் போய் ரெண்டு பக்கெற் எண்டு எழுதினால்? ரெண்டில்லை, ஒண்டு. அதுவும் நான் கேட்டு வாங்கேல்லை. மலருக்குச் சீனி இறங்கி மயங்கி விழுந்திட்டா, ஒரு ஆமிக்காரப் பெடியன் பாத்துப்போட்டுத் தந்தவன். அது நான் கதைச்சு முடிஞ்ச பிறகு. பெடியள் வரிசைக்குப் போன பிறகு. பிறகெண்டுதான் நினைக்கிறன்.

அந்தப் பக்கத்தை நான் மலருக்கு வாசிக்கேல்லை. இருநூற்றுப் பதின்மூண்டு முடிய நேரா இருநூற்றுப் பதினேழுக்குப் போயிட்டன். தாளைப் பிரட்டின சத்தம் ரெண்டு தரம் கேட்டுதே எண்டா. ஒட்டிக் கிடந்தது, பிரிச்சனான் எண்டு சொன்னனான். புத்தகம் முடிஞ்சுது. கஜீபன் வரேல்லை. ஊரில இருந்த நாய் கூட வந்திருக்கு, அவன் வரேல்லை. மலர் போய்ப் படுத்திட்டா. அடுத்த நாள் கொட்டகைக்குப் போக முதல் சொன்னா, அந்தப் பிள்ளை ஆரெண்டு விசாரியுங்கோ, அவனுக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும் எண்டு.

அதால கடிதம் போட்டன். பொருள், தங்கள் நூலின் 214ஆம் பக்கத்தில் காணப்படும் தவறான தகவல் தொடர்பாக. மூண்டு மாசம் மறுமொழி இல்லை. பேந்து பேப்பரில பாத்தன், எழுத்தாளர் சுவிசில இருந்து வாறார், யாழ்ப்பாணத்தில வாசகரோட சந்திப்பு எண்டு. அதுதான் இண்டைக்குக் காலமை. நீங்களும் அங்கதான் வாங்கினீங்களாக்கும், உறை புதுசாக் கிடக்கு.

நான் பின்வரிசையில இருந்தனான். நாலு பேர் பேசிச்சினம். போர் மனுசரை என்ன செய்யுது எண்டதை இந்த நாவல் காட்டுதாம். இரண்டு தரப்பின்ர வலியும் இருக்குதாம். ஒரு அம்மா எழும்பி, அந்த விதானைப் பாத்திரத்தை வாசிக்கேக்க காறித் துப்பவேணும் போலக் கிடந்தது எண்டா. எல்லாரும் கை தட்டிச்சினம். நானும் தட்டினனான் தம்பி. பக்கத்தில இருந்தவர் என்னைப் பாத்தவர், தட்டாமல் இருந்தால் நல்லாயிருக்காதெண்டு தட்டினனான்.

முடிஞ்சு எல்லாரும் கையெழுத்து வாங்கேக்க கிட்டப் போனன். எழுத்தாளர் நிமிர்ந்து பாத்த உடன கையில இருந்த பேனை நிண்டுது. விதானையார் எண்டான். அப்பதான் எனக்கு முகம் பிடிபட்டுது. தவமணியின்ர மூத்தவன், கிருபாகரன். துருசுக்குப் பக்கத்து வீடு. அண்டைக்கு என்னைச் சுத்தி நிண்ட பெடியளில அவனும் ஒருத்தன். எல்லாரும் வரிசைக்குப் போக, அவன் மட்டும் நழுவி, ஆரோ ஒரு கிழவியின்ர கையைப் பிடிச்சு, பேரன் மாதிரிச் சனத்தோட சனமாப் போயிருக்கிறான். நான் சொன்னதைக் கேளாத ஒரே ஒரு பெடியன். அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு உயிரோட என்ர முன்னால நிக்கிறான்.

மண்டபத்துக்குப் பின்னால, தேத்தண்ணி ஊத்துற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். உங்கட கடிதம் கிடைச்சது, மறுமொழி எழுத மூண்டு தரம் இருந்தனான், ஏலேல்லை எண்டான்.

"ஏன்ரா தம்பி அப்பிடி எழுதினனீ? நான் ஆரிட்ட என்ன வாங்கினனான்?"

அவன் பிளேன்ரீக் கோப்பையை மேசையில வைச்சவன். பிறகு சொன்னான்.

"ஒண்டும் வாங்கேல்லை. எனக்குத் தெரியும். முதல் அப்பிடித்தான் எழுதினனான் விதானையார். ஒரு நல்ல மனுசன், ஒருத்தரிட்டயும் ஒண்டும் வாங்காமல், நன்மை செய்யிறன் எண்டு நினைச்சு, பெடியளைப் போங்கோ எண்டு சொன்னார். எழுதிப்போட்டு வாசிச்சுப் பாத்தன். நெஞ்சு ஏற்கேல்லை. கெட்டவன் எண்டு எழுதினால் வாசிக்கிற சனத்துக்குத் திட்டுறதுக்கு ஒருத்தனாவது கிடைப்பான். நல்லவன் எண்டு எழுதினால் ஆரைத் திட்டுறது? அதாலதான் பிஸ்கற்றை வைச்சனான். கோவிக்காதேங்கோ."

இது என்ன நியாயம் தம்பி? எழுதினதுக்கு ஒரு அத்தாட்சி வேண்டாமோ? அந்த அம்மா துப்பவேணும் எண்டு சொன்னது அவனுக்கும் கேட்டதுதானே. நான் விடேல்லை. அடுத்த பதிப்பில திருத்து, எழுத்தில உறுதி தா எண்டு கேட்டனான். அவன் சரியெண்டான். தையில அடுத்த பதிப்பு வருது, எடுத்துவிடுறன் எண்டான். அதோட விட்டிருக்கலாம். அவன் விடேல்லை.

"எடுத்தால் நான் முழுக்க எழுதவேணும் விதானையார். கஜீபன் வரிசையை விட்டு வெளியில வந்ததையும் எழுதவேணும். உங்கட பேருக்காகத்தான் அவனை அதுக்குள்ள கொண்டுவரேல்லை. நான் கிழவியோட உங்களுக்குப் பின்னாலதான் நிண்டனான். எல்லாம் கேட்டது."

என்ர கையில இருந்த தேத்தண்ணி ஊத்துப்பட்டுது. நான் சேட்டைத் துடைச்சுக்கொண்டு, வேண்டாம் தம்பி, உள்ளது உள்ளபடி இருக்கட்டும், இனி ஒண்டையும் திருத்தாதை எண்டன். அவன் என்ர கையைப் பிடிச்சு அழுதவன். எனக்கு அழுகை வரேல்லை. பஸ்சுக்கு நேரமாச்செண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

இதைக் கேட்டிட்டு நீங்கள் என்ன நினைப்பியள் எண்டு எனக்குத் தெரியும். மலருக்கு நான் சொல்லி வைச்சிருக்கிறது, ஆமிக்காரன் சனத்துக்குள்ள இருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போனவன் எண்டு. அவ மயங்கிக் கிடந்தவ, அவவுக்குத் தெரியாது. அதைத்தான் அவ எல்லா விசாரணையிலயும் சொன்னது. கொட்டகைக்கு வாற எல்லா நிருபரிட்டயும் அதைத்தான் சொல்லுறது. நான் பக்கத்தில இருந்து ஓம் எண்டு தலை ஆட்டுறனான். கஜீபன் இயக்கத்தில இருந்தது பதினேழு நாள். பதினேழே நாள். ஓடி வந்திட்டான். இயக்கத்துப் பதிவில அவன்ர பேரே இருந்திருக்காது, தலைமயிரும் வளர்ந்திட்டுது. பேசாமல் தாயோட இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிய வந்திராது.

பெடியள் பதினொரு பேரும் வரிசைக்குப் போகேக்க என்னைப் பாத்தவங்கள். ஒருத்தரும் வாய் திறந்து ஒண்டும் கேக்கேல்லை. பாத்தவங்கள், அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளையளைப் போகச் சொல்லிப்போட்டு என்ர பிள்ளையை மடிக்குள்ள வைச்சிருக்கேலுமோ? நீயும் போ எண்டனான். போனவன். கொஞ்ச நேரத்தால வரிசையை விட்டு வெளியில வந்து, எனக்குக் கிட்ட வந்து, அப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு, நான் அம்மாவோட நிக்கிறன் எண்டான். ஒரு ஆமிக்காரனும் எங்களைப் பாக்கேல்லை. அவங்கள் வேற பக்கம் நிண்டவங்கள். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அதோட சரி. ஆனால் பெடியள் பதினொரு பேரும் திரும்பிப் பாத்துக்கொண்டு நிண்டவங்கள், தம்பி.

கிளிநொச்சி வந்திட்டுது. அந்தா தெரியுது பாருங்கோ, தகரக் கொட்டகை. மலர் பஸ் சத்தத்துக்குத் தலையைத் திருப்பிக்கொண்டு இருப்பா. எழுத்தாளர் என்ன சொன்னவர் எண்டு கேப்பா. எல்லாம் கற்பனையாம் எண்டு சொல்லுவன், வேற என்ன சொல்ல.

கொண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம், இறங்குறன்.

அண்டைக்குக் கஜீபன்ர முதுகில கையை வைச்சன். வேர்வையில சேட்டு நனைஞ்சு ஒட்டிக் கிடந்தது. போ ராசா, உள்ளுக்குப் போனாப்போல முழுப் பேரையும் வடிவாச் சொல்லு, தில்லைநாதன் கஜீபன் எண்டு சொல்லு, அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்லு எண்டனான். ஓம் அப்பா எண்டிட்டுப் போனவன். அது சரிதானே தம்பி? முழுப் பேர் குடுக்காட்டி, பிறகு நாங்கள் எப்பிடித் தேடுறது?